பழம் போட்டால் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள்

சர்க்கரை டப்பாவைத் திறக்காமல், பழத்தின் இனிப்பை மட்டும் வைத்து ஓட்ஸ் குக்கீஸ் செய்வது பற்றி வந்த கடிதங்களுக்கே இந்த முறை பதில்கள் முழுவதும். பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கொடுக்க நல்லதாக ஏதாவது வேண்டும் என்ற அக்கறை எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. கூடவே பாதிக் கடிதங்களில் ஒரே குறையும் இருக்கிறது: உள்ளே வேகவில்லை, கையில் ஒட்டுகிறது, மறுநாளே சொதசொதக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கே: அக்கா, வழக்கமாக நான் செய்கிற ஓட்ஸ் குக்கீஸில் 100 கிராம் சர்க்கரை போடுவேன். இந்த முறை அதை எடுத்துவிட்டு, அதே 100 கிராம் வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டேன். ஓவனில் உருண்டையாக வைத்தது உருண்டையாகவே வெளியே வந்தது. மேலே கருகல், உள்ளே பச்சை மாவு. ஆறு வயது மகன் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டான். எங்கே பிசகியது?

ப: எடைக்கு எடை மாற்றினீர்கள் அல்லவா, அங்கேதான். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் 100 கிராமில் சுமார் 75 கிராம் தண்ணீர். சர்க்கரை என்று பார்த்தால் 12 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். ஆக, 100 கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டு 12 கிராம் சர்க்கரையும் கால் டம்ளருக்குக் கொஞ்சம் அதிகமான தண்ணீரும் ஊற்றியது போல ஆகிவிட்டது. பழையபடியே வரும் என்று எதிர்பார்த்தால் எப்படி வரும்?

சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இருப்பதல்ல. ஓவனில் சூடேறும்போது அது உருகி, மாவைத் தளர்த்தி, உருண்டையைத் தட்டையாகப் பரவ வைக்கிறது. வெளியே எடுத்து ஆறியதும் அதுவே இறுகி மொறுமொறுப்பைத் தருகிறது. பழக்கூழ் உருகாது. ஓட்ஸ் அதன் தண்ணீரைக் குடித்து வீங்கி, வைத்த வடிவத்திலேயே நின்றுவிடும். உருண்டையாக வைத்தால் உருண்டை, தட்டினால் தட்டை. உருண்டையின் நடுவில் இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. பழச் சர்க்கரையோ சீக்கிரம் நிறம் மாறும் குணமுள்ளது, அதனால் மேற்புறம் முந்திக்கொண்டு கருகுகிறது. உங்கள் மகன் கடித்தது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

செய்ய வேண்டியது மூன்று. இனிப்பின் பெரும்பங்கைத் தண்ணீர் குறைந்த பழத்திலிருந்து எடுங்கள், அதாவது பேரீச்சம்பழம். அதில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் சர்க்கரை, தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குதான். வாழைப்பழம் பிணைப்பதற்கும் மிருதுவுக்கும் இருக்கட்டும். அடுத்தது, கலந்த மாவை 20 நிமிடம் சும்மா விடுங்கள். கடைசியாக, ஈர விரலால் ஒவ்வொன்றையும் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டி விடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது சர்க்கரைக் குக்கீயின் நகல் அல்ல, வேறு பண்டம். மெத்தென்று, மெல்ல மெல்ல இனிப்பு ஏறும். பிள்ளைக்கு முதல்முறை தரும்போது பழைய குக்கீயின் பெயரைச் சொல்லாமல் வேறு பெயர் வைத்துக் கொடுங்கள். பழசை எதிர்பார்த்து வாய் வைத்தால் எதுவும் ஏமாற்றம்தான்.

கே: எனக்குக் கிராம் கணக்கில் ஒரு அளவு வேண்டும். "தேவைக்கேற்ப" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து!

ப: எழுதமாட்டேன். என் அடுப்படியில் வாரம் தவறாமல் செய்யும் அளவு இது. 16 குக்கீஸ் வரும்.

நன்கு பழுத்த நடுத்தர வாழைப்பழம் இரண்டு, தோல் நீக்கி சுமார் 230 கிராம். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 80 கிராம். அவல் போலத் தட்டையான ரோல்ட் ஓட்ஸ் 150 கிராம். உப்பும் சர்க்கரையும் சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய் அல்லது பாதாம் வெண்ணெய் 50 கிராம். பட்டைத்தூள் அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக. உப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பழத்தின் இனிப்பு மங்கலாகவே தெரியும்.

பேரீச்சையை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறப்போடுங்கள். கொட்டை எடுத்தது என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள், கொட்டையோ அதன் சில்லோ எங்காவது ஒன்றில் தங்கியிருக்கும். நீரை முழுக்க வடித்து, கையில் வைத்துப் பிழிந்து, பிறகு மசியுங்கள். ஊறிய தண்ணீர் இனிப்பாக இருக்கிறதே என்று மாவில் ஊற்றத் தோன்றும், வேண்டாம். குடித்துவிடுங்கள்.

ஓட்ஸில் 50 கிராமை மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள், மீதி 100 கிராம் அப்படியே இருக்கட்டும். பொடி பிணைக்கும், முழு ஓட்ஸ் கடிக்கக் கிடைக்கும். வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்தால் போதும். மிக்ஸியில் அடித்தால் கூழ் நீர்த்துப்போய் மாவு தளர்ந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்து 20 நிமிடம் மூடி வையுங்கள்.

இப்போது மாவைக் கவனியுங்கள். கலந்தவுடன் பளபளவென்று ஈரம் மின்னும். இருபது நிமிடம் கழித்து அந்த மினுமினுப்பு அடங்கி, மேற்பரப்பு மங்கி, ஓட்ஸ் விளிம்புகள் மிருதுவாகியிருக்கும். ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்த்துப் பிடியுங்கள். மாவு ஒட்டிக்கொண்டு நின்று, தட்டினால் பொத்தென்று விழவேண்டும். தானாக வழிந்தால் ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ் பொடி சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். விழாமல் கட்டியாக ஒட்டினால் ஒரு ஸ்பூன் பால், அல்லது வெறும் தண்ணீர்.

பேக்கிங் பேப்பர் விரித்த தட்டில் 30 கிராம் போல எடுத்து வைத்துத் தட்டுங்கள். பரவாது என்பதால் நெருக்கமாகவே வைக்கலாம். முன்பே சூடாக்கிய ஓவனில் 175 டிகிரி செல்சியஸ், விசிறி ஓடும் ஓவனானால் 160, நேரம் 16 முதல் 18 நிமிடம். விளிம்பு பழுப்பாகி, அடிப்பக்கம் பேப்பரிலிருந்து சுத்தமாக விட்டு வந்தால் ஆயிற்று. எடுத்தவுடன் தொட்டால் வேகாதது போலத் தோன்றும். கம்பி வலையில் ஆறவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள், இறுகியிருக்கும். தட்டிலேயே விட்டால் அடியில் நீர் வேர்த்து ஈரமாகும்.

கே: விடுதியில் தங்கிப் படிக்கிறேன் அக்கா. கடையில் ஓட்ஸ் என்று நான்கு விதம் இருக்கிறது. எதை வாங்க?

ப: ரோல்ட் ஓட்ஸ் வாங்குங்கள் தம்பி. உமி நீக்கிய ஓட்ஸ் மணியை ஆவியில் வேகவைத்து உருளையால் நசுக்கியது அது. குவிக் ஓட்ஸ் அதைவிடச் சிறிதாக நறுக்கி, மெல்லியதாக நசுக்கியது. அதிலும் செய்யலாம், கடிப்பதற்கு மட்டும் ஒன்றும் மிஞ்சாது, கேக் போல இருக்கும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் ஈரம் பட்டதும் களியாகிவிடும். அதில் பல பாக்கெட்டுகளில் சர்க்கரையும் சுவையூட்டியும் ஏற்கெனவே கலந்திருக்கும், பின்பக்கம் படித்துப் பாருங்கள். ஸ்டீல் கட் என்பது மணியைத் துண்டு போட்டது. இந்தக் குக்கீஸில் பதினெட்டு நிமிடத்தில் அது வேகாது, பல்லில் கல் மாதிரி நிற்கும்.

ஓவன் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடி கனமான வாணலியில், மிகச் சிறு தீயில், மூடி போட்டுப் பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் வைத்து எடுக்கலாம். அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். திருப்பும்போது அகலக் கரண்டி.

கே: அம்மாடி, எனக்கு வயது எழுபது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். "இதில்தான் சர்க்கரையே இல்லையே" என்று பேத்தி செய்து வைத்ததில் ஐந்தாறு எடுத்துச் சாப்பிடுகிறார். நான் தடுத்தால் கோபம் வருகிறது. இது அவருக்கு ஆகுமா ஆகாதா?

ப: அம்மா, நீங்கள் தடுத்ததுதான் சரி. இந்தக் கடிதத்துக்காகவே இன்னும் நாலு வரி கூடுதலாக எழுதுகிறேன், அய்யாவிடம் படித்துக் காட்டுங்கள்.

சர்க்கரை சேர்க்கவில்லை என்பது வேறு, சர்க்கரை இல்லை என்பது வேறு. மேலே சொன்ன அளவையே எடுத்துக்கொள்வோம். 230 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 28 கிராம் சர்க்கரை, 80 கிராம் பேரீச்சையில் சுமார் 50 கிராம். மொத்தம் 80 கிராமை ஒட்டி வருகிறது. 16 ஆல் வகுத்தால் ஒரு குக்கீயில் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கு மேல். அதோடு நின்றுவிடவில்லை. ஓட்ஸின் மாவுச்சத்தும் வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸ்தான். எல்லாம் சேர்த்து ஒரு குக்கீயில் கார்போஹைட்ரேட் 13 கிராம் அளவுக்கு வரும். ஆறு சாப்பிட்டால் 78 கிராம். ஒரு வேளைச் சாப்பாட்டின் கணக்கை அது எட்டிவிடும்.

பேரீச்சையைப் பாதியாக்கினால் போதாதா என்று பேத்தி கேட்பாள். சர்க்கரை குறையும், நல்லதுதான். ஆனால் மொத்தக் கார்போஹைட்ரேட் 13 இலிருந்து 11 ஆகும், அவ்வளவே. மீதி ஓட்ஸிலிருந்தும் வாழைப்பழத்திலிருந்தும் வருகிறது. ஆக, குறைக்க வேண்டியது எண்ணிக்கையை.

நல்லதும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். நார்ச்சத்தும் கடலையின் கொழுப்பும் சேர்ந்திருப்பதால் மைதாவும் சர்க்கரையும் போட்ட பிஸ்கட்டைவிட நிதானமாக ஏறும். ஒன்றே ஒன்று, மற்ற சாப்பாட்டின் கணக்கில் சேர்த்து, அதுவும் மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் சாப்பிடுவதற்கு முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வையுங்கள். நீங்களும் நானும் சொல்வதைவிட அந்த இரண்டு எண்களை அவர் நம்புவார். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் தானாக அளவை மாற்றிக்கொள்ளக் கூடாது.

கே: சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினால் அது இயற்கை இனிப்புதானே? தேன் தாராளமாக ஊற்றலாமா? வீட்டில் நான்கு வயதுப் பெண்ணும் பத்து மாதக் குழந்தையும் இருக்கிறார்கள்.

ப: முதலில் குழந்தை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. குக்கீஸுக்குள் வைத்து வேகவைத்தாலும் கூடாது. தேனில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடல் அதைச் சமாளித்துவிடும், பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஓவன் 175 டிகிரி என்றாலும், ஈரமுள்ள குக்கீயின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் வித்துகள் சாகாது. பெரியவளுக்குச் செய்ததைச் சின்னவள் எட்டி எடுத்துவிடும் வீடு என்றால், சின்னவளுக்கு ஒரு வயது ஆகும்வரை குக்கீஸில் தேனே சேர்க்காமல் இருப்பதுதான் நிம்மதி.

இரண்டாவது, "இயற்கை" என்ற பெயர் பற்றி. தேன் என்பது பெரும்பாலும் சர்க்கரையும் கொஞ்சம் நீரும்தான், நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தேன், பாகு, பழச்சாறு எல்லாவற்றையும் சேர்க்கப்பட்ட வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே வரிசையில்தான் வைக்கிறது. அன்றாடக் கலோரியில் இவை பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. முழுப் பழத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிரிட்டனின் வரையறை இன்னும் கறார். கூழாக அரைத்த பழத்தின் சர்க்கரையும் அங்கே கட்டுப்படுத்த வேண்டிய கணக்கில் வருகிறது. பேரீச்சையைக் கூழாக்காமல் பொடியாக நறுக்கிப் போட்டால் இந்த வகையில் நல்லது, கடிக்கவும் ருசி. மசித்த வாழைப்பழம் மட்டும் பிணைக்கப் போதும்.

பத்து மாதக் குழந்தைக்கு என்றால் உப்பையும் விட்டுவிடுங்கள். ஓட்ஸ் முழுவதையும் பொடித்து, வாழைப்பழம் சேர்த்து மெத்தென்று செய்யுங்கள். முழுத் திராட்சை, பருப்புத் துண்டு எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். கடலை வெண்ணெய் குழந்தைக்கு ஏற்கெனவே கொடுத்து ஒத்துக்கொண்டதா என்று தெரிந்த பிறகே இதில் சேருங்கள். நான்கு வயதுப் பெண்ணுக்கும் முழுப் பருப்பு வேண்டாம், பொடித்தோ வெண்ணெயாகவோதான். உட்கார வைத்து, கூடவே இருந்து கொடுங்கள்.

கே: ஓட்ஸ் கொழுப்பைக் குறைக்கும் என்கிறார்கள். தினமும் இந்தக் குக்கீஸ் சாப்பிட்டால் குறையுமா?

ப: ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்துக்கு அந்தக் குணம் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997 இல் ஓட்ஸ் பாக்கெட்டுகளில் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று சொல்லிக்கொள்ள அனுமதித்தது, ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் என்ற கணக்கோடு. நம் குக்கீ ஒன்றில் ஓட்ஸ் 9 கிராம் சொச்சம், பீட்டா குளுக்கான் அரை கிராம்கூட வராது. மூன்று கிராமுக்கு எட்டு குக்கீஸ் வேண்டும். அதைவிடக் காலையில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி குடித்துவிட்டு, சாயங்காலம் ஒரு குக்கீ ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

கே: சூரியகாந்தி விதை போட்டுச் செய்தேன். ஓவனிலிருந்து எடுத்தபோது பழுப்பாக அழகாக இருந்தது. மறுநாள் பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை! பூசணம் என்று பயந்து முழுவதையும் கொட்டிவிட்டோம். விதை கெட்டுப்போனதா?

ப: ஐயோ, கொட்டிவிட்டீர்களா! அது பூசணம் அல்ல. சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. சமையல் சோடா போன்ற காரப் பொருளோடு சேரும்போது, அது விதையின் புரதத்தோடு வினைபுரிந்து பச்சை நிறம் தருகிறது. ஆற ஆற நிறம் கூடும், அதனால்தான் முதல் நாள் தெரியவில்லை. சாப்பிடலாம், கெடுதல் இல்லை.

பூசணத்தை எப்படி அடையாளம் காண்பது என்றால், அது மேற்பரப்பில் தொடங்கும், பஞ்சு போலவோ தூள் போலவோ இருக்கும், மக்கிய வாடை அடிக்கும். இந்தப் பச்சை உள்ளுக்குள், விதையைச் சுற்றி, சாயம் ஏறியது போல இருக்கும், வாடை இருக்காது. அடுத்த முறை சமையல் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேருங்கள். அநேகமாக நிறம் மாறாது. சோடாவைத்தான் போடுவேன் என்றால் கால் டீஸ்பூனோடு நிறுத்துங்கள், கூடினால் சோப்பு வாடையும் வரும்.

கே: வாழைப்பழ வாசனை என் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. வேறு பழம்?

ப: ஆப்பிள். துருவி, மெல்லிய துணியில் கட்டி, கை வலிக்கும்வரை பிழியுங்கள். சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையை மட்டும் மாவில் போடுங்கள். ஆப்பிளிலும் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர்தான், பிழியாமல் போட்டால் முதல் கடிதத்தின் கதைதான். பிழிந்த ஆப்பிளுக்கு வாழைப்பழத்தின் பிணைப்பு கிடையாது. அதனால் ஒரு முட்டை சேர்க்கலாம். முட்டை வேண்டாம் என்றால் பொடித்த ஆளிவிதை ஒரு மேசைக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்து வழவழப்பானதும் சேருங்கள். பேரிக்காயும் இதே வழி. பெர்ரி வகைகள் வேகும்போது வெடித்து நீர் விடும், புதிதாகப் போடுவதைவிட உலர்ந்ததைப் போடுங்கள். உலர்ந்த பெர்ரியில் சர்க்கரை சேர்த்தே விற்பார்கள், குறிப்பாகக் கிரான்பெர்ரியில். பாக்கெட்டைத் திருப்பிப் படிக்காமல் வாங்காதீர்கள்.

உலர்ந்த ஆப்ரிகாட் எனக்கு மிகவும் பிடித்தது, அதன் புளிப்பு பேரீச்சையின் திகட்டலைச் சரிசெய்யும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருப்பது கந்தக டை ஆக்ஸைடு போட்டது. போடாதது கறுத்துப் பழுப்பாக இருக்கும், ருசியில் ஆழம் அதிகம். ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்குக் கந்தகச் சேர்மம் மூச்சிரைப்பைத் தூண்டும், அவர்கள் வீட்டில் கறுத்ததையே வாங்குங்கள்.

உலர் திராட்சை போடும்போது மாவுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருப்பதை விரலால் உள்ளே அழுத்திவிடுங்கள். வெளியே இருப்பது உப்பிக் கருகிக் கசக்கும். என் சின்ன மகள் திராட்சையைப் பொறுக்கி எடுத்து வரிசையாகத் தட்டின் ஓரத்தில் வைப்பாள். கருகியவற்றைத்தான் அப்படி வைக்கிறாள் என்று ஒருநாள் உற்றுப் பார்த்தபோது தெரிந்தது.

கே: மொறுமொறுவென்று வேண்டும். முடியுமா, முடியாதா?

ப: வாழைப்பழம் போட்டால் முடியாது. அதை விட்டுவிட்டு, நறுக்கிய பேரீச்சை, கடலை வெண்ணெய், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஓட்ஸ் மட்டும் சேர்த்து, இரண்டு பேப்பருக்கு நடுவே வைத்து மூன்று மில்லிமீட்டருக்கு உருட்டித் தேயுங்கள். 150 டிகிரியில் 20 நிமிடம். பிறகு திருப்பிப் போட்டு, 120 டிகிரியில் இன்னும் கால் மணி உலரவிடுங்கள். ஆறியதும் உடையும் பதத்தில் இருக்கும். ஆனால் பழச் சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், திறந்து வைத்தால் அன்று மாலையே தொய்ந்துவிடும். இறுக்கமான டப்பாவில் தனியாக வையுங்கள். மெத்தென்ற குக்கீஸோடு ஒரே டப்பாவில் வைத்தால் அதன் ஈரம் இதற்கு ஏறிவிடும்.

கே: என் மகளுக்குச் சீலியாக் நோய், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவள் குடலுக்கு ஆகாது. ஓட்ஸில் குளூட்டன் இல்லை என்பதால் எந்த ஓட்ஸையும் வாங்கலாமா?

ப: வேண்டாம். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமையின் குளூட்டன் இல்லைதான். ஆனால் வயலிலும் வண்டியிலும் ஆலையிலும் கோதுமை, பார்லியோடு கலந்துவிடுகிறது. குளூட்டன் இல்லாதது என்று தெளிவாக அச்சிட்ட ஓட்ஸ் மட்டும் வாங்குங்கள். பத்து லட்சத்தில் 20 பங்குக்குக் குறைவு என்பதுதான் அந்த முத்திரைக்குப் பல நாடுகளில் உள்ள வரம்பு. அப்படிப்பட்ட ஓட்ஸும் சீலியாக் உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதிலுள்ள அவெனின் என்ற புரதம் காரணம். ஆகவே மகளின் மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள். கோதுமை மாவு அரைத்த மிக்ஸி ஜாரில் இந்த ஓட்ஸைப் பொடிக்காதீர்கள், தனி ஜார் வேண்டும்.

கே: பல் மருத்துவர் உலர்பழம் பல்லுக்கு ஆகாது என்கிறார். நீங்கள் எல்லாவற்றிலும் பேரீச்சை போடச் சொல்கிறீர்கள்!

ப: அவர் சொல்வது சரி. உலர்பழம் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும், சர்க்கரை வாயில் நெடுநேரம் தங்கும். அதனால் நாள் முழுக்கக் கொறிக்கக் கையில் கொடுக்காமல், ஒரு வேளை உணவோடு சேர்த்துக் கொடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர். இரவு பல் தேய்த்த பிறகு மட்டும் கூடவே கூடாது.

கே: வேலைக்குப் போகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை செய்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? சர்க்கரைக் குக்கீஸ் இரண்டு வாரம் டப்பாவில் இருக்குமே, இது மூன்றாம் நாளே வாடை வருகிறது.

ப: சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கிருமிக்கு விடாது, அதனால் அது தாங்கும். இதில் ஈரம் அதிகம், வெளியே இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயில் காலமானால் ஒரே நாள். ஃபிரிட்ஜில் ஐந்து நாள். முழுக்க ஆறும் முன் டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து இன்னும் சீக்கிரம் கெடும். அடுக்குகளுக்கு நடுவே பேப்பர் வையுங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது, வெந்ததை அல்ல, மாவையே உறைய வையுங்கள். தட்டிய குக்கீஸைத் தட்டோடு ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து, கல் போல ஆனதும் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். பையின் மேல் தேதி எழுதுங்கள். இரண்டு மாதம் வரை ருசி குறையாது. வேண்டியபோது வேண்டிய எண்ணிக்கை மட்டும் எடுத்து, உருகவிடாமல் நேரே ஓவனில் வையுங்கள், இரண்டு மூன்று நிமிடம் கூடுதல் ஆகும். உருகவிட்டால் வாழைப்பழம் நீர் விட்டு அடி ஒட்டும்.

அளவுக்கு மீறிப் பழுத்த வாழைப்பழத்தையும் தோல் உரித்து இப்படியே உறைய வைக்கலாம். உருகும்போது ஒரு கிண்ணத்தில் வையுங்கள், பழுப்பு நிறச் சாறு நிறைய இறங்கும். அதைக் கொட்டவேண்டாம், பழத்தோடு சேர்க்கவும் வேண்டாம். சின்னப் பாத்திரத்தில் ஊற்றிச் சிறு தீயில் பாதியாகச் சுண்டும்வரை விடுங்கள். பாகு போல வரும் அதை மசித்த பழத்தோடு கலந்தால் பேரீச்சையில் 20 கிராம் குறைத்துக்கொள்ளலாம்.